மஞ்சள் கேசட்டும் புதுப் பெட்டியும்

நாற்பதைத் தாண்டியும் வீடியோ கேமை விடாத அருள்தாஸ் வீட்டில், டிவிக்குக் கீழே ஒரு புது கேம் பெட்டி இருந்தது. பக்கத்திலேயே அவன் பள்ளிக்கூட நாளில் வாங்கிய பழைய பெட்டியும் அதில் செருகும் மஞ்சள் கேசட்டும் இருந்தன.

அன்றைக்குப் புதுப் பெட்டி மறுபடியும் அப்டேட் கேட்டது.

"ஆன் பண்ணினாலே இதே ரோதனை! அந்தக் காலத்து கேம் போட்டதும் ஓடும்" என்று அருள்தாஸ் எரிந்து விழுந்தான். பிறகு மஞ்சள் கேசட்டை எடுத்துச் செருகினான்.

அதுவும் ஓடவில்லை. திரையில் வெறும் கோடுகள்தான் வந்தன. அவன் கோபப்படவே இல்லை. கேசட்டைக் கழற்றி, விளிம்பில் 'ஃபூ' என்று ஊதி, மறுபடி செருகினான். ஓடியது. அவன் முகமெல்லாம் சிரிப்பு.

அவன் தூங்கப் போனதும் புதுப் பெட்டி பொருமியது. "நான் நின்றால் திட்டு, நீ நின்றால் கொஞ்சலா?"

"அவன் ஊதுவதால் எனக்கு எச்சில் பட்டுத் துருதான் பிடிக்கிறது. கழற்றிச் செருகினாலே போதும், ஓடிவிடுவேன்" என்றது கேசட்.

"அதை அவனுக்குத் தெரியப்படுத்தித் தொலையேன்!"

"தெரிந்தால் ஊதமாட்டானே."

மறுநாள் அப்டேட் முழுசாக முடிந்தும் புதுப் பெட்டி திரையில் தொண்ணூற்றொன்பது சதவீதம் என்றே காட்டிக்கொண்டு நின்றது. அருள்தாஸ் வாய்க்கு வந்தபடி திட்டினான். கடைசியில் பழக்கதோஷத்தில் குனிந்து, டிஸ்க் போடும் இடத்தில் 'ஃபூ' என்று ஊதினான்.

புதுப் பெட்டி அப்போதே ஓடியிருக்கலாம். இன்னொரு தடவை ஊதட்டும் என்று காத்திருந்தது.