சென்சுவின் கையெழுத்து

"கையெழுத்தா? முதல்ல முயல் கறியைத் தின்னு. வெறும் வயித்தோட வந்து சொத்துப் பேச்சு பேசறவனை எனக்குப் பிடிக்காது" என்றார் சென்சு.

யுஹானி தின்றார். பின்லாந்துக்காரர். அங்கே பக்கத்து வீட்டுக்காரர் படியிறங்கும் சத்தம் கேட்டால், அவர் தெருவுக்குப் போய்ச் சேரும்வரை கதவுக்குப் பின்னால் காத்திருப்பதுதான் மரியாதை. அப்படி அறுபது வயதுவரை மரியாதையாக வாழ்ந்தவர், ஓய்வுபெற்றதும் ஹெல்சிங்கி ஃபிளாட்டை விற்றுவிட்டு, மால்டாவின் கோசோத் தீவில், நாடூரில் ஒரு கல்வீட்டின்மேல் ஆசை வைத்துவிட்டார். பச்சை மரப் பால்கனி. முற்றத்தில் எலுமிச்சை. வருடம் முழுக்க வெயில். வேறென்ன வேண்டும்?

சென்சுவின் கையெழுத்து வேண்டும்.

வீட்டை விற்பவர்கள் அண்ணன் தம்பி, அக்கா தங்கை என்று எட்டுப் பேர். மூத்தவள் சல்வினா முதலிலேயே சொல்லிவிட்டாள்.

"நாங்க எட்டுப் பேரும் ரெடி சார். ஆனா பக்கத்து வீட்டுல இருக்காரே, சென்சு மாமா, அவருக்கும் இதுல பங்கு இருக்கு. சின்னப் பங்குதான், ரெண்டு படிக்கட்டு தேறும். அவர் போடலைன்னா விக்க முடியாது. நீங்களே போய்ப் பேசுங்க. நாங்க போனா துரத்துவாரு."

ஒப்பந்தக் கெடு மாதக் கடைசி. தவறினால் வீடு போச்சு. திரும்பிப் போக ஹெல்சிங்கியிலும் வீடில்லை.

அதனால் யுஹானி தினமும் மாலையில் சென்சு வீட்டுக்குப் போனார். ஆட்டைப் பிடித்துக்கொள் என்றார் சென்சு, பிடித்தார். ஆடு கடித்தது. மரக்கட்டை உருட்டும் ஆட்டத்துக்கு ஆள் குறைகிறது என்றார். போய் உருட்டித் தோற்றார்.

"திருவிழாவுல எங்க ஊர் பேண்டு உசத்தியா, பக்கத்து ஊர் ஷாராக்காரன் பேண்டு உசத்தியா?" என்று கேட்டார் சென்சு.

"ரெண்டுமே கொஞ்சம் சத்தம்தான்..."

"ஏய் பின்லாந்து! கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"உங்க ஊர்."

"நம்ம ஊர்னு சொல்லு."

"நம்ம ஊர்" என்றார் யுஹானி. காது சிவந்துவிட்டது. "அப்போ கையெழுத்து?"

"நாளைக்கு வா."

மாதம் முடிவதற்குள் ரொட்டிக் கடைக்காரி இவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தாள். இவரும் அவளுடைய முழங்கால்வலியை விசாரித்தார். விசாரித்துவிட்டு, தன் வாயைத் தானே சந்தேகமாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

கெடு முடிகிற அன்று காலை, சென்சு கோட்டு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"கிளம்பு. போய்த் தொலைப்போம்."

யுஹானி அவரைக் கண்ணாடிச் சாமான்போலப் பத்திரமாக, கிரயம் முடிக்கும் நோட்டரியின் அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். எட்டுப் பேரும் அங்கே காத்திருந்தார்கள். வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். யுஹானியும் போட்டார். நோட்டரி அம்மாள் பேனாவை மூடினார்.

"இவர் இன்னும் போடலையே!" பதறிவிட்டார் யுஹானி.

நோட்டரி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "சென்சு, நீங்க எதுக்கு வந்தீங்க?"

"இவன்தான் கூட்டிட்டு வந்தான்."

எட்டுப் பேரும் கூரையைப் பார்த்தார்கள். சல்வினாதான் தொண்டையைச் செருமினாள்.

"மன்னிச்சுக்கங்க சார். அந்த வீட்டுல மாமாவுக்கு ஒரு கல்லுகூடச் சொந்தமில்ல. எங்களுக்குச் சொந்தக்காரரும் இல்ல. வெறும் பக்கத்து வீட்டுக்காரர்."

யுஹானி மெல்லச் சென்சு பக்கம் திரும்பினார். "இது உங்களுக்கும் தெரியுமா?"

"யோசனையே என்னுதுதானே!" என்றார் சென்சு. "சுவருக்கு அந்தப் பக்கம் எவன் வரப்போறான்னு நான் பாத்து எடுக்க வேணாமா?"