சூரியன் தின்ற எழுத்து

"மேடம், மீட்டர் எகிறுது! ஸ்வீட் எடுங்க!" என்று உதவியாளன் வளவன் துள்ளினான். சூரியக் கதிர்வீச்சை அளக்கும் அந்த ஆய்வுக்கூடத்தில், பெனிட்டா வருடக்கணக்காகக் காத்துக்கிடந்த சூரியச் சீற்றம் அது. அவளோ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரேடியோவின் மறுமுனையில், ஆழ்கடலுக்கு மீன்பிடிக்கப் போன தம்பி லூர்து. புயல் பாதை மாறி, அவன் படகுக்கும் கரைக்கும் நடுவே வந்து உட்கார்ந்திருந்தது.

"டேய் லூர்து, கரைக்கு வந்துடாதே!"

கரகரவென்று இரைச்சல். சூரியன் சீறினால் மேல்வளிமண்டலம் கலங்கி ரேடியோ அலையை விழுங்கிவிடும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள் அவள்தான்.

"விட்டு விட்டுக் கேக்குதுக்கா. கரைக்கு 'வந்துடா'ன்னா சொன்னே?" தம்பியின் குரல் தேய்ந்துகொண்டே போனது. "நீ சொன்னா சரிதான். இதோ கிளம்பிட்டேன். மீன் வேணாம், கறிக்குழம்பு வை..."

அவ்வளவுதான். ரேடியோ செத்துப்போனது.

"மேடம், இன்னும் ஏறுது!" என்று வளவன் கைதட்டினான்.

பெனிட்டா மைக்கை வாயோடு அழுத்திக்கொண்டு, விழுந்துபோன அந்த ஒற்றை எழுத்தை மட்டும் கத்தினாள்.

"தே... தே... தே..."