எட்டாவது கதை

"உங்க பேய் ரொம்ப நல்ல பேயா இருக்கேம்மா! மிதியடியில காலைத் துடைச்சிட்டுத்தான் வீட்டுக்குள்ளயே வருது."

பதிப்பாளர் சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார். எதிரில் இருந்தவள் சிரிக்கவில்லை. மடியிலிருந்த கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கடையில் மூக்குக் கண்ணாடிகளுக்கு வில்லை பொருத்துகிற வேலை அவளுக்கு. மதிய இடைவேளைகளில் எழுதிச் சேர்த்த எட்டுப் பேய்க் கதைகள் மேஜைமேல் கிடந்தன. மூன்று பதிப்பகங்களுக்குப் போய்விட்டுப் பத்திரமாகத் திரும்பி வந்த கட்டு அது.

இது நான்காவது பதிப்பகம். ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டே அறை. ஒன்றில் புத்தகக் கட்டுகள். இன்னொன்றில் பதிப்பாளரும், முதல் அறையில் இடம் கிடைக்காத கட்டுகளும். புதிதாக எழுதுகிறவர்களின் திகில் கதைகளை மட்டும் வருடத்துக்கு நாலு புத்தகம் போடுவார். இந்த வருடத்துக்கு ஒரே ஒரு இடம்தான் பாக்கி. இருபத்தைந்து வருடமாகப் பேய்களோடு குடித்தனம் நடத்தியதில், மனிதருக்குப் பயமே மரத்துப்போயிருந்தது.

"நடை நல்லா இருக்கு. குறை சொல்லமாட்டேன். ஆனா பயம் வரலையே!"

"பயம் வரலையா? இவரைக் கேளுங்க சார்," என்று கணவனைக் கை காட்டினாள்.

மூன்றாவது நாற்காலி இல்லாததால் அவன் ஒரு புத்தகக் கட்டின்மேல் உட்கார்ந்திருந்தான். ஆறடி ஆள். வாய் நிறைய மீசை.

"ஆமா சார். ராத்திரி தாகம் எடுத்தாக்கூட எழுந்திரிக்கிறதில்லை. விடிஞ்சப்புறம்தான் தண்ணி குடிக்கிறேன்."

"முதல் கதையைப் படிச்சதுலேருந்து பாடிக்கிட்டேதான் குளிக்கிறாரு சார். நாலாவது கதைக்கப்புறம் அதுவும் பத்தலை. நான் வெளியில நின்னு எதிர்ப்பாட்டுப் பாடணும்!" அவள் முகத்தில் முதல் முறையாகக் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

கீழே கடையில் எதையோ தொப்பென்று போட்டார்கள். கணவன் துள்ளி எழுந்து மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"பார்த்தீங்களா!" என்றாள் அவள் பெருமையாக.

பதிப்பாளர் பார்த்தார். சத்தம் கேட்டு ஒரு விநாடி கழித்துத்தான் அவன் துள்ளினான் என்பதையும் சேர்த்துப் பார்த்தார்.

அவருக்கு அந்த வித்தை புதிதில்லை. இளவயதில் அவரே ஒரு நாவல் எழுதியிருக்கிறார். அதைப் படித்துவிட்டு அவர் மனைவி தேம்பித் தேம்பி அழுதாள். அவள் அட்டையைத் தாண்டவே இல்லை என்பது பல வருடம் கழித்துத்தான் தெரியவந்தது.

எதிரில் இருந்தவளின் போன் அடித்தது. "கடையிலேருந்து கூப்பிடுறாங்க, இதோ வந்துடுறேன் சார்," என்று படிக்கட்டுப் பக்கம் போனாள்.

பதிப்பாளர் மேஜைமேல் சாய்ந்தார். "தம்பி, மறைக்காம சொல்லுங்க. நடிப்புதானே?"

அவன் நெளிந்தான். "அவ்வளவு மோசமாவா சார் நடிக்கிறேன்?"

"சத்தம் வருது, நீங்க யோசிக்கிறீங்க, அப்புறம்தான் துள்ளுறீங்க!"

அவன் மீசையைத் தடவிக்கொண்டே சிரித்துவிட்டான். "என்ன சார் பண்றது? மூணு இடத்துல வேணாம்னுட்டாங்க. ஒரு வாரம் அவளுக்குச் சோறு இறங்கலை. பேனாவைத் தூக்கிப் பரண்மேல போட்டுட்டா. வீட்டுல ஒருத்தனாவது பயந்தா தெம்பா இருக்குமேன்னுதான்..."

"ரொம்பப் பயந்த மனுஷன்தான் போங்க!" பதிப்பாளர் கதைக்கட்டை அடுக்கித் திருப்பிக் கொடுக்கத் தயாரானார். "அந்தம்மாகிட்ட நான் பக்குவமா சொல்லிக்கிறேன்."

"இருங்க சார். ஏழு கதைக்குத்தான் நடிச்சேன். எட்டாவது நிஜம்."

"எது? செத்துப்போனவங்க, உள்ள வர்ற நம்மளைப் பேய்னு நினைச்சு நடுங்குவாங்களே, அதுவா?" பதிப்பாளருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எட்டுலயும் பரம சாது அதுதான் தம்பி. ரத்தம் இல்லை, அலறல் இல்லை. பேயே பயந்து மூலையில உட்கார்ந்துட்டா, படிக்கிறவன் எதுக்குப் பயப்படுவான்? இதையும் பொண்டாட்டி மேல இருக்கிற பாசத்துலதான் சொல்றீங்க."

"இல்லை சார், சத்தியமா."

அவன் படிக்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தான். அவள் இன்னும் போனில் பேசிக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"நான் ஆஸ்பத்திரியில ஃபைல் அடுக்குறேன்னுதான் அவ நினைச்சிட்டிருக்கா. பல்லியைப் பார்த்தாலே கட்டில்மேல ஏறி நிக்கிறவ சார், நிஜத்தைச் சொன்னா என் கையால ஒரு வாய் தண்ணிகூட வாங்கமாட்டான்னு சொல்லலை. எனக்குப் பத்தொன்பது வருஷமா பிணவறையில வேலை. இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூட நான் பயந்ததில்லை. இந்தக் கதையைப் படிச்சதுலேருந்து, கதவைத் தட்டி, 'நான்தாங்க, பயப்படாதீங்க'ன்னு அவங்ககிட்ட சொல்லிட்டுத்தான் சார் உள்ளயே போறேன்."

பதிப்பாளர் சிலிர்த்துப்போன கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, எட்டாவது கதையை உருவி, கட்டின் முதல் கதையாக வைத்தார்.