கிரிஜா குடித்த என் பாதி

ஜூலை 9, செவ்வாய். என் டீயையும் எடுத்துக் குடித்த கிரிஜாவை டீக்குப் பறப்பவள் என்று நேற்று இந்த டைரியில் எழுதியது என் தவறு.

மழை விட்ட மாலை. ஹப்சிகுடா டீக்கடையின் விளக்கு ஈர மேசையில் மஞ்சளாகப் படர்ந்திருக்கிறது. கணக்கியல் வகுப்புக்கு முன் நானும் கிரிஜாவும் ஒன் பை டூ சொல்லி, ஒரு டீயை இரண்டு கோப்பையில் வாங்குவது வழக்கம். மாலையில் தன் பாதிக்கு மேல் குடித்தால் அவளுக்குத் தூக்கம் வராது. நான் இரும்புச்சத்து மாத்திரையை விழுங்குகிறேன். அடுத்த பரிசோதனையிலும் ரத்தம் கூடவில்லை என்றால் வகுப்பை நிறுத்திவிடு என்று அம்மா சொல்லியிருக்கிறாள். கோப்பைக்குக் கை நீட்டுகிறேன்; நேற்றைப் போலவே கிரிஜா அதை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிடுகிறாள்.

“என் பங்குடி அது!”

“நக்கோ, வேண்டாம் தாரிணி. மாத்திரை மேல டீ குடிச்சா இரும்பு உடம்புல எப்படிச் சேரும்? இப்படிக் குடிச்சதுக்கு எனக்கு டாக்டர் விட்ட டோஸ் இன்னும் காதுல இருக்கு.”

“நேத்தே சொல்றதுக்கென்ன?”

“சொல்றதுக்குள்ள மூஞ்சத் தூக்கிக்கிட்டு எழுந்து போயிட்டியே.”

“கொட்டியிருக்கலாமே?”

“டீயைக் கொட்டுறதா! பாவம் சும்மா விடுமா?”

அவள் சிரிக்கிறாள். விளக்கொளியில் அவள் கண்கள் சிவந்திருப்பது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. ராத்திரி தூங்கினாயா என்று கேட்கிறேன். அவள் பிஸ்கட்டை உடைத்துப் பெரிய துண்டை என் பக்கம் தள்ளுகிறாள். காலிக் கோப்பைகள் இரண்டும் அவள் முன்னால் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துக்கொண்டே பிஸ்கட்டைக் கடிக்கிறேன்.

நாளை: மாத்திரையை மதியமே எலுமிச்சைச் சாற்றோடு விழுங்கிவிட வேண்டும். மாலையில் என் பாதி டீயை நானே குடிக்க வேண்டும்.