வாசலில் ஒளிரும் எண்

வாசல் பெயர்ப்பலகையில் சிங்காரவேலுவின் பட்டத்துக்குப் பக்கத்தில் அவனுடைய ஆண்மை எண்ணும் ஒளிர்ந்தது. மணிக்கட்டுப் பட்டை தினமும் உடம்பிலுள்ள ஆண் ஹார்மோனை அளந்து அனுப்பும். மகள் பிறந்த மூன்றே மாதத்தில் அது எண்பதிலிருந்து நாற்பதுக்கு இறங்கியிருந்தது.

“எந்நேரமும் புள்ளையத் தூக்கி வச்சிக்கிட்டிருந்தா நம்பர் எறங்காம என்னடா செய்யும்? தெருவே சிரிக்குது,” என்றார் அவன் அப்பா.

அன்றிலிருந்து அவன் மகளைத் தூக்கவில்லை. அவள் கை நீட்டினால் தன் கைகளைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டான்.

மூன்றாம் வருடம் எண் தொண்ணூறைத் தாண்டியது. அப்பா தெருவுக்கே லட்டு கொடுத்தார். பேத்தி பிறந்தபோது கொடுக்காத லட்டு.

அந்தச் சந்தோஷத்தில் சிங்காரவேலு மகளைத் தூக்கக் குனிந்தான். நறுமுகை இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

“வேணாம்ப்பா, நம்பர் எறங்கிடும்.”