மேசைக்கு அடியில் ஒரு கை

"லுபென் அண்ணே, வேற வழியே இல்லை. மேசைக்கு அடியில போய்ப் படுத்துக்குங்க."

லுபெனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"விளையாடுறியாம்மா?"

"விளையாடுற நேரமா இது? தலைநகர் சோஃபியாவிலேருந்து, நமக்குப் பணம் ஒதுக்குற அந்தம்மா வந்து இறங்கியாச்சு. கீழே உட்கார்ந்து காபி குடிச்சுக்கிட்டிருக்கு."

பிளோவ்திவ் நகரத்தில் ஒரு சின்ன ஆய்வுக்கூடம். நெவேனா அதன் தலைவி, லுபென் இன்ஜினீயர். இருவரும் மூன்று வருஷமாகப் பாடுபட்டுச் செய்தது அந்த மேசை. மேலே தட்டையான திரை கிடையாது. நூற்றுக்கணக்கான சின்னக் குச்சிகள்தான். வேறெங்கோ ஒருவர் இதே மாதிரி மேசையில் கையை வைத்தால், இங்கே குச்சிகள் எழும்பி அந்தக் கையாகவே நிற்கும். ஜெர்மனிக்கு வேலைக்குப் போன மகனின் கையை அம்மா ஊரிலிருந்தே பிடித்துக்கொள்ளலாம்.

நேற்று வரை ஒழுங்காக எழும்பியது. இன்று காலையில் மோட்டாரிலிருந்து புகைதான் எழும்பியது.

"உள்ளதைச் சொல்லிடலாம்மா. ஒரு வாரம் தவணை கேப்போம்," என்றார் லுபென்.

"தவணையா? நல்லாக் கேட்டீங்க! இன்னைக்கு இது ஓடலைன்னா பணத்தை நிறுத்திடுவாங்க. கூடத்தை இழுத்து மூடிட்டு ரெண்டு பேரும் தெருவுலதான் நிக்கணும்."

"அதுக்காக ஏமாத்தறதா?"

"இதுல என்ன ஏமாத்து? மோட்டார் வர்றதுக்கு முன்னால, அடியில ஆளைப் படுக்க வச்சுக் குச்சியைத் தள்ளச் சொல்லித்தானே நாமளே பரிசோதனை பண்ணினோம்? நம்ம தொழில்ல எல்லாரும் பண்றதுதானே?"

"பண்றோம். ஆனா முடிஞ்சதும், 'உள்ளே ஆள் இருந்தார்'னு வந்தவங்ககிட்ட சொல்லிடுவோமே."

"அண்ணே... எனக்காக."

'அண்ணே' என்று அவள் குழைந்துவிட்டால் லுபெனால் மறுக்க முடியாது. அது அவளுக்கும் நன்றாகத் தெரியும். மோட்டார் தட்டைக் கழற்றிவிட்டு, பெருத்த உடம்பை மடக்கிக்கொண்டு அவர் அடியில் நுழைந்தார். நெவேனா சுற்றிலும் துணியை இழுத்து மூடினாள்.

மிலேவா அம்மையார் வந்தார். சிரித்துப் பல வருஷமான முகம்.

"உங்க இன்ஜினீயர் எங்கே?"

"பக்கத்து அறையில, மேடம். அங்கே இருக்கிற மேசையில கை வச்சிருக்கார். நீங்க இங்கே தொட்டுப் பாருங்க."

பொய் இவ்வளவு சரளமாக வரும் என்று நெவேனாவே எதிர்பார்க்கவில்லை.

குச்சிகள் எழும்பின. முதலில் விரல்கள், பிறகு உள்ளங்கை. அம்மையார் தன் கையை அதன்மேல் வைத்தார். வெகுநேரம் கையை எடுக்கவே இல்லை.

"பரவாயில்லையே! நிஜக் கை மாதிரியே இருக்கே!"

நெவேனா பல்லைக் காட்டினாள்.

"போன மாசம் வேற ஊர்ல ஒரு கூடத்துக்குப் போனேன். வேலை செய்யாததைச் செய்யுதுன்னு காட்டினாங்க. காட்டின ஆளை வேலையை விட்டே எடுக்க வச்சேன். இங்கே அப்படி இல்லை, சந்தோஷம்," என்றார் அம்மையார்.

கிளம்பும்போது அவருடைய மூக்குக்கண்ணாடி உறை கீழே விழுந்தது. நெவேனா பாய்வதற்குள் அவரே குனிந்து எடுத்துவிட்டார்.

"சாப்பிட்டுட்டு வந்து முடிவைச் சொல்றேன்."

அவர் போனதும் லுபென் வெளியே வந்தார். நெவேனாவின் முகத்தைப் பார்க்காமலே முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

"கொஞ்சம் வெளியே போயிட்டு வர்றேன்மா."

மதியத்துக்கு வைத்திருந்த பனிட்சா அப்பம் நெவேனாவுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. அந்தம்மா குனிந்தாளே, பார்த்திருப்பாளோ? அண்ணன் பூட்ஸ் துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டு இருந்ததே! பார்த்திருந்தால் ரெண்டு பேருக்கும் சீட்டுக் கிழிந்தது. ரெண்டு பேரும் போவதைவிட ஒருத்தராவது தப்பிக்கலாமே...

வெட்கங்கெட்ட நினைப்புதான். ஆனால் வந்து உட்கார்ந்த நினைப்பு எழுந்து போகமாட்டேன் என்றது.

கீழே உணவகத்துக்கு ஓடினாள். அம்மையார் தனியாக உட்கார்ந்து வெள்ளரிக்காய்த் தயிர் சூப் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மேடம், ஒரு விஷயம் சொல்லணும். நீங்க தொட்டது மெஷின் இல்லை. மேசைக்கு அடியில லுபென் படுத்திருந்தார். நீங்க போனப்புறம்தான் எனக்கே தெரிஞ்சது."

சொல்லும்போதே உடம்பு கூசியது. ஆனாலும் நாக்கு நிற்கவில்லை.

"சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது, மேடம். எல்லாம் அவர் வேலை."

அம்மையார் ஸ்பூனைக் கீழே வைத்தார். அவளையே பார்த்தார்.

"உங்க லுபென் இப்பத்தான் இங்கே வந்துட்டுப் போனார்."

நெவேனாவுக்கு ஒரே எண்ணம்தான்: காட்டிக் கொடுத்துவிட்டாரா?

"என்ன... என்ன சொன்னார்?"

"நீங்க சொன்னதையேதான். 'நெவேனாவுக்கு ஒண்ணும் தெரியாது, எல்லாம் என் வேலை. என்னை எடுத்துடுங்க, அந்தப் பொண்ணை விட்டுடுங்க'ன்னார்."

நெவேனாவின் காது மடல்கள் எரிந்தன. நிற்கவும் முடியவில்லை, ஓடவும் முடியவில்லை.

"அவர் சொன்னதை நான் நம்பலைம்மா," என்றார் அம்மையார். "ஒரு மனுஷன் தன் பிழைப்பையே கொடுத்துக் காப்பாத்துறார்னா, அந்தப் பொண்ணு எவ்வளவு நல்லவளா இருக்கணும்னு நினைச்சுக்கிட்டே சாப்பிட்டுக்கிட்டிருந்தேன். அப்பத்தான் நீங்க வந்தீங்க."