தூளிக்கடியில் செதில்

தூளிக்கு அடியில் இன்றைக்கும் அது கிடந்தது.

வெள்ளை வெள்ளையாய், மீன் செதில் மாதிரி. ஈவ்லின் குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தாள். தோல். மனுஷத் தோல்.

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. புருஷன் காலேப் கம்பெனி பஸ் ஏறிப் போய்விட்டான். வீட்டில் மிச்சம் இருப்பது அவன் அக்கா தபிதாள் ஒருத்திதான். அவளும் பாத்ரூமுக்குள் இருந்தாள்.

சரக், சரக், சரக்.

கொதிக்கக் கொதிக்க வெந்நீர், துணி சோப்பு, தேங்காய் நார். விடிந்ததிலிருந்து இதே வேலை. கே.ஜி.கண்டிகை சந்தையில் கருவாடு விற்றுத் தம்பியை ஆளாக்கினவள், குழந்தை வந்த நாளிலிருந்து சந்தைப் பக்கமே போவதில்லை.

சத்தம் நின்றது. ஈவ்லினுக்கு அதுதான் பயம். நின்றால் வருவாள்.

வந்தாள். நிலைப்படியோடு நின்றாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தூளியையே பார்த்தாள்.

“என்னா அண்ணி?”

“ஒண்ணும் இல்லம்மா.”

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் ஈவ்லின் கண்ணயர்ந்து எழுந்தால் மட்டும் தூளிக்கடியில் செதில் கிடக்கும். அப்படியென்றால் கிட்டே வந்து நின்றிருக்கிறாள் என்றுதானே அர்த்தம்.

பக்கத்து வீட்டு மணியம்மை வேறு வேலியோரம் நின்று ஓதிவிட்டுப் போயிருந்தாள். “பாம்பு சட்டை உரிக்கிற கணக்கா உரிஞ்சிகினு கீது உங்க நாத்தனாருக்கு. பெத்துக்காத வயிறு வேற. புள்ளைய பத்திரமா பாத்துக்க.”

“அதெல்லாம் நாங்க நம்பறதில்லக்கா” என்று சொல்லிவிட்டு வந்தாளே தவிர, ஈவ்லின் அதிலிருந்து ராத்திரியில் குழந்தையைத் தன் பக்கத்திலேயே கிடத்திக்கொண்டாள்.

அன்றைக்கு மத்தியானம் கரண்ட் இல்லை. துணி எடுக்க மாடிக்குப் போன ஈவ்லின் திரும்பி வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அரை இருட்டில் தபிதாள் தூளிமேல் குனிந்திருந்தாள். ஒரு கை குழந்தையின் முகத்துக்கு மேலே, தொடாமல் நின்றிருந்தது. விரல் மடிப்பெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்திருந்தது.

“அண்ணி.”

கை சட்டென்று முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

ஈவ்லின் குழந்தையை வாரிக்கொண்டு ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். போனில் காலேப்பைப் பிடித்தாள்.

“நான் அரக்கோணத்துக்கு அம்மா வீட்டுக்குப் போறேன். அவுங்க இருக்கிற வீட்ல என் புள்ள இருக்காது.”

“அவசரப்படாத. அக்காவ டாக்டராண்ட ஒரு தபா கூட்டினு போய் காட்டு. ஒட்டற வியாதின்னு சொன்னா நானே உன்னை அங்க கொண்டுபோய் விடறேன்.”

சாயங்காலமே ஆட்டோ பிடித்தார்கள். வழியெல்லாம் தபிதாள் ஓரமாய் ஒதுங்கியே உட்கார்ந்திருந்தாள். குழந்தையை மறு பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ஈவ்லின்.

டாக்டர் பக்தவச்சலம் தபிதாளின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“புள்ளைக்கு ஒட்டிக்குமா டாக்டர்?” ஈவ்லின்தான் முந்திக்கொண்டாள்.

“ஒட்டறதுக்கு இதுல வியாதி எங்கம்மா இருக்கு? கழுவிக் கழுவியே தோலைக் கெடுத்து வெச்சிருக்காங்க. இவ்ளோ சுடுதண்ணி, துணி சோப்பு, நாருன்னு போட்டா தோல்ல இருக்கிற எண்ணெய்ப் பசை எப்படி தங்கும்? காஞ்சி, வெடிச்சி, உரியத்தான் செய்யும். வெதுவெதுன்னு ஒரு வேளை குளிங்க, போதும். தேய்க்காதீங்க. ஈரம் முழுசா காயறதுக்குள்ள தேங்கா எண்ணெய் தடவுங்க.”

ஈவ்லினுக்கு மூச்சு வந்தது. கூடவே கோபமும் வந்தது.

“இப்படி ரத்தம் வர்ற அளவுக்கு எதுக்கு அண்ணி தேய்ச்சிகினு இருந்தீங்க? நான் என்னென்னவோ நெனச்சி பயந்துகினு கெடந்தேன்.”

தபிதாள் டாக்டரைப் பார்த்தாள். ஈவ்லின் மடியில் கிடந்த குழந்தையைப் பார்த்தாள். பிறகு அந்த இரண்டு கையையும் முதல் முறையாகத் தானே முன்னால் கொண்டுவந்து, ஈவ்லினின் மூக்குக்குக் கிட்டே பயந்து பயந்து நீட்டினாள்.

“ஆஸ்பத்திரில இருந்து புள்ளைய இட்டாந்த அன்னிக்கி நீதானம்மா சொன்ன, கருவாட்டு நாத்தம் போவட்டும், அப்பறம் தூக்கிக்கலாம்னு. கடையகூட மூடிட்டேன். இப்ப மோந்து பாரு, போயிடுச்சா?”